விறகு கூடுது, புகை கருக்குது, பில் ஏறுது: கடலோர பேப்பர் யூனிட்ல எதை முதல்ல பாக்கணும்

ராமநாதபுரம் கடலோரமா வேஸ்ட் பேப்பர் வாங்கி கிராஃப்ட், அட்டை, முட்டை ட்ரேன்னு போடுற சின்ன யூனிட்காரங்களுக்காக எழுதுறேன். பாய்லர், ஸ்டீம் லைன் வேலைக்குப் போற இடத்துல எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே கம்ப்ளெயின்ட்தான் வருது, அதனால அறிகுறி வாரியா பிரிச்சுப் போட்டிருக்கேன். உங்க யூனிட்ல எது நடக்குதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாத காரணம் மேல, பர்ஸைக் கடிக்கிறது கீழ.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன். புது பாய்லர் விக்க வர்றவர் பாய்லர் பழசாயிருச்சும்பார், ஐடி ஃபேன் (புகைய சிம்னிக்கு இழுக்குற ஃபேன்) விக்கிறவர் ஃபேன் சின்னதும்பார். நம்ம கடற்கரையில முக்காவாசி கேஸ் போய் நிக்கிற இடம் ரெண்டுதான், உப்புத் தண்ணி, ஈர விறகு. அது ரெண்டையும் பாக்காம மெஷின் மாத்தினா புது மெஷினும் அதே வியாதியில படுக்கும்.

எதுல கை வைக்கிறதுக்கும் முன்னாடி மூணு நம்பர் வேணும்: ஒரு டன் பேப்பருக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட் கரண்ட், பாய்லருக்கு எத்தனை லிட்டர் புதுத் தண்ணி. தண்ணி மீட்டர் இல்லாத யூனிட்தான் அதிகம், அதை முதல்ல மாட்டுங்க.

## அறிகுறி 1: உற்பத்தி அதே, விறகு மட்டும் கூடிக்கிட்டே போகுது

### மழைக்காலத்துல மட்டும் கூடுதா?

அப்ப விறகு. ஐப்பசி கார்த்திகையில வெட்டி அப்படியே லோடு ஏத்தின கருவை விறகுல எடையில 40 சதவீதம் வரைக்கும் தண்ணி இருக்கும், காஞ்சது 20க்குள்ள இருக்கும். காஞ்ச விறகு கிலோவுக்கு சுமார் 3,400 கிலோ கலோரி குடுத்தா இந்த ஈர விறகு 2,400தான் குடுக்கும். எடை மேடையில ரெண்டுக்கும் அதே ரேட்டுதான், அதாவது நீங்க தண்ணிய விறகு விலைக்கு வாங்கி, அதை ஆவியாக்க மிச்ச விறகையும் எரிக்கிறீங்க.

செக் பண்றது சுலபம். லோடு நடுவுல இருந்து ரெண்டு மூணு கட்டை உருவி, சில்லு சில்லா வெட்டி, ஒரு கிலோ எடை போட்டு, டிரையர் பக்கத்துல சூடான இடத்துல எடை குறையுறது நிக்கிற வரைக்கும் காய விடுங்க. 600 கிராம் நின்னா 40 சதவீதம் ஈரம். மேல கிடக்கிற கட்டைய எடுக்காதீங்க, அது எப்பவும் காஞ்சுதான் இருக்கும், லாரிக்காரருக்கும் அது தெரியும்.

தீர்வு பெருசா ஒண்ணும் இல்ல. பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும் வெயில் சும்மா கிடைக்குது, அப்பவே வாங்கி அடுக்கி, மேல ஒரு தகரக் கூரை போடுங்க, பக்கவாட்டுல மூடாதீங்க காத்து போகணும். தார்ப்பாயை போட்டு இறுக்கிக் கட்டினா உள்ளயே வேர்த்து இன்னும் ஈரமாகும்.

### சிம்னி சூடு ஏறியிருக்கா?

பாய்லர் விட்டு வெளிய போற புகையோட சூடு என்னன்னு பாருங்க. டியூப் சுத்தமா இருந்தப்ப 200 டிகிரி, இப்ப 265ன்னா அந்த வித்தியாசம் அத்தனையும் வானத்துக்குப் போற காசு. 22 டிகிரி ஏறினா ஒரு சதவீதம் எஃபிஷியன்ஸி போச்சுன்னு வச்சுக்கங்க.

இப்ப ரெண்டு வழி பிரியும். டியூபை பிரஷ் போட்டு கரியத் தள்ளிட்டு ஓட்டிப் பாருங்க.

சூடு இறங்கிருச்சுன்னா கரிதான். சுத்தம் பண்ற இடைவெளியக் குறைங்க, ஈர விறகு எரிக்கிற மாசத்துல இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

சூடு இறங்கவே இல்லன்னா தண்ணிப் பக்கம் உப்புப் படிவு. ஒரு மில்லிமீட்டர் படிவு 5லருந்து 8 சதவீதம் வரைக்கும் எரிபொருளை கூட்டும்னு எனர்ஜி ஆடிட்காரங்க கணக்கு சொல்லுவாங்க, அதைவிட பயம் என்னன்னா படிவுக்குப் பின்னாடி டியூப் சூடேறி உப்பிரும். இங்க நிறுத்திருங்க, ஆசிட் வாஷ் உங்க வேலை இல்ல. ஆசிட் வாங்கிட்டு வந்து நாமளே ஊத்திரலாம்னு யாராவது சொன்னா அவரை பாய்லர் பக்கம் விடாதீங்க.

### ஃபீட் டேங்க் ஆறிக்கிடக்கா?

பாய்லருக்குத் தண்ணி போற டேங்க்ல தெர்மாமீட்டரை விடுங்க. 35, 40 காட்டினா கண்டன்சேட் (ஸ்டீம் ஆறித் திரும்பத் தண்ணியானது) எங்கயோ சாக்கடைக்குப் போகுது. ஃபீட் தண்ணிய 6 டிகிரி ஏத்தினா ஒரு சதவீதம் எரிபொருள் மிச்சம், 35ல இருந்து 85க்குக் கொண்டு போனா எட்டு சதவீதத்தை ஒட்டி வரும். பழைய பைப் உப்புக்காத்துல அரிச்சு ஓட்டையானதும் தற்காலிகமா சாக்கடையில விட்டு அப்படியே மறந்து போனது ஒவ்வொரு யூனிட்லயும் ஒரு இடத்துல இருக்கும், தேடுங்க.

### ப்ளோ டவுன் ஓயாம திறக்குறீங்களா?

பாய்லருக்குள்ள உப்பு சேராம இருக்க சுடுதண்ணிய வெளிய திறந்து விடுறதுதான் ப்ளோ டவுன். நம்ம ஊரு யூனிட்ல பணம் பெருசா ஒழுகுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு பேசுவோம்.

கடலோர போர் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு, பிபிஎம் கணக்குல) 1,500, 2,000 எல்லாம் சாதாரணம். எல்லாரும் சொல்ற பதில் "சாஃப்ட்னர் போட்டிருக்கோம்ல". சாஃப்ட்னர் கால்சியம் மெக்னீசியத்தை எடுத்துட்டு சோடியத்தைக் குடுக்கும், அவ்வளவுதான். படிவு குறையும், டிடிஎஸ் குறையாது. டிடிஎஸ் மீட்டர் பேனாவை சாஃப்ட்னருக்கு முன்னாடி ஒரு டம்ளர்லயும் பின்னாடி ஒரு டம்ளர்லயும் விட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான் வரும், மொதலாளிய கூட நிறுத்தி வச்சுக் காட்டுங்க.

நம்ம மாதிரி ஷெல் டைப் பாய்லருக்குள்ள 3,500 பிபிஎம் தாண்டக் கூடாது. ஃபீட் 1,500ல போகுது, கண்டன்சேட் ஒண்ணுமே திரும்ப வரலன்னா, 3,500ல நிறுத்தணும்னா ஒவ்வொரு டன் ஸ்டீமுக்கும் முக்கால் டன் சுடுதண்ணிய வெளிய விட்டாகணும். கணக்கு சிம்பிள்: 1,500ஐ 3,500க்கும் 1,500க்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க. 7 கிலோ பிரஷர்ல அந்தத் தண்ணி 170 டிகிரியில வெளிய போகுது, பாய்லருக்குள்ள போன சூட்டுல ஏழுல ஒரு பங்கு அதோட போயிரும்.

அதே பாய்லருக்கு 70 சதவீதம் கண்டன்சேட் திரும்ப வந்தா ஃபீட் டிடிஎஸ் 450க்கு வந்துரும், ப்ளோ டவுன் 15 சதவீதத்துல முடியும். ஆர்ஓ வச்சு 150க்கு இறக்கினா கண்டன்சேட் வராட்டியும் 5 சதவீதத்துக்குள்ள. அதனால வரிசை இப்படி: முதல்ல கண்டன்சேட் லைனை சரி பண்ணு, அப்புறமா ஆர்ஓ வாங்கு. ஆர்ஓ விக்கிறவர் இந்த வரிசையை மாத்தித்தான் சொல்லுவார்.

ஆர்ஓ ரிஜெக்ட் தண்ணிய (உப்பு சேந்து கழியுற தண்ணி) ஊருணி, கண்மாய் பக்கம் விட்டுறாதீங்க, ஊர் சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது. சாம்பல் அணைக்க எடுத்துக்கலாம், மிச்சத்துக்கு என்ன வழின்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிக்கு எழுதும்போதே சேத்து எழுதுங்க.

### எப்ப ஆள் கூப்பிடணும்

டியூப் உப்பல், கசிவு, வெல்டிங் எதுவா இருந்தாலும் அங்கீகாரம் உள்ள ஆள்தான், பாய்லர் இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சுதான். 1923 சட்டத்துக்குப் பதிலா 2025ல புதுச் சட்டம் வந்திருக்கு, ஆனா தெருமுனை வெல்டர் பிரஷர் பாகத்துல கை வைக்கக் கூடாதுங்கறது அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்.

## அறிகுறி 2: கேஜ் கிளாஸ்ல தண்ணி ஆடுது, ஸ்டீம் லைன்ல டமடமன்னு அடிக்குது

கேஜ் கிளாஸ்ங்கறது தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய். அதுல ஆடுதுன்னா பாய்லர் தண்ணி நுரைச்சு ஸ்டீமோட ஏறிப் போகுது. வாய்ப்பு வரிசை:

டிடிஎஸ் எகிறியிருக்கும். சாம்பிளை ஆற வச்சு அளங்க, கொதிக்கக் கொதிக்க பேனாவை விட்டா பேனா போயிரும். 5,000, 6,000 இருந்தா சின்னச் சின்னதா அடிக்கடி ப்ளோ டவுன் குடுத்து இறக்குங்க, ஒரேயடியா திறந்துறாதீங்க.

தண்ணி மட்டம் ரொம்ப மேல வச்சு ஓட்டுறது. நைட் ஷிஃப்ட்ல நிம்மதியா தூங்க சில ஃபயர்மேன் பண்ற வேலை.

ஸ்டீம் ட்ராப் (ஸ்டீமை நிறுத்தி தண்ணிய மட்டும் வெளிய விடுற வால்வு) அடைச்சு லைன்ல தண்ணி தேங்குறது. மழை பெஞ்சதும் எந்த பைப் மேல ஆவி பறக்குதுன்னு பாருங்க, அங்க இன்சுலேஷன் ஊறிக்கிடக்கு. மேல மூடுன தகரத்தை உப்புக்காத்து தின்னுரும், உள்ள கிளாஸ் வூல் நனைஞ்சா இன்சுலேஷன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கேஜ் கிளாஸ்ல தண்ணியே தெரியலன்னா இந்தப் பக்கத்தை படிக்காதீங்க. ஃபீட் பம்பைப் போடக் கூடாது. தீயை நிறுத்துங்க, ஃபேனை நிறுத்துங்க, ஆள்களை வெளிய அனுப்புங்க, தானா ஆறட்டும். காஞ்ச டியூப் மேல பச்சைத் தண்ணி பட்டா என்ன ஆகும்னு பழைய ஃபயர்மேன் யாரையாவது கேளுங்க.

## அறிகுறி 3: புகை

### கருப்பா, விறகு போட்ட உடனே வந்து கொஞ்ச நேரத்துல தெளியுது

ஒரே மூச்சுல நிறைய விறகு போடுறாங்க. கொஞ்சம் கொஞ்சமா, இடது பக்கம் ஒரு தடவை வலது பக்கம் ஒரு தடவைன்னு மாத்திப் போடச் சொல்லுங்க. செலவு பூஜ்யம்.

### கருப்பா, தெளியவே இல்ல

காத்து பத்தல. கிரேட்டுக்கு அடியில சாம்பல் ரொம்பி இருக்கும், இல்லன்னா கிட்டம் கட்டி கிரேட் கண்ணு அடைச்சிருக்கும். உவர் மண்ணுல வளந்த கருவையோட மண்ணு, வேர்க்கட்டை எல்லாம் சேத்து எரிச்சா சாம்பல் சீக்கிரம் உருகி கல்லு மாதிரி ஒட்டும். வேர்க்கட்டைய தட்டி மண்ணு உதுத்துப் போடுங்க. அப்புறம் எஃப்டி ஃபேன் (அடுப்புக்குக் காத்து ஊதுறது) டேம்பர், பிளேடு. இதெல்லாம் சரியா இருந்தும் புகை கருப்புன்னாதான் ஃபேன் சைஸ் பத்தி பேசணும்.

### வெள்ளையா, கனமா

ஈர விறகு. அறிகுறி 1க்குப் போங்க.

### புகையே தெரியல, ஆனா விறகு கூடுது

காத்து ரொம்ப அதிகம். இது யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணாத வியாதி, புகை இல்லாததால எல்லாருக்கும் சந்தோஷம். பாய்லர் ஓடும்போது ஊதுபத்திய கதவு ஓரம், ஆய்வு மூடி ஓரம், டக்ட் ஜாயின்ட் ஓரமா கொண்டு போங்க, புகை உள்ள இழுக்குற இடத்துல எல்லாம் பச்சைக்காத்து போய் சூட்டை அள்ளிக்கிட்டு சிம்னி வழியா வருது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கயிறு வச்சு அடைங்க.

### கரி வந்து விழுதுன்னு ஊர்க்காரங்க சண்டைக்கு வர்றாங்க

மன்னார் வளைகுடா ஓரத்துல கடல் நமக்கு தெக்க இருக்கு. சோழகம் (தெக்கத்திக் காத்து) வீசுற மாசத்துல கரி உள்நாட்டுப் பக்கம் கருவைக்காட்டு மேல போயிரும், யாரும் கேக்க மாட்டாங்க. வாடைக்காத்து திரும்பினதும் அத்தனையும் கடற்கரைக்குப் போகும். தை மாசம் ஒரு அக்கா ஒரு யூனிட் கேட்டுக்கு வந்து கையில ஒரு நெத்திலிய வச்சு, பெருவிரலால அது வயித்த ஒரு தேய் தேய்ச்சுக் காட்டினாங்க, வெள்ளி மாதிரி இருக்க வேண்டிய இடத்துல கருப்புக் கோடு. "இதை எந்த யாவாரி எடுப்பான் தம்பி, சொல்லு"ன்னாங்க. பதில் சொல்ல யாருக்கும் வாய் வரல.

அந்த யூனிட்ல டியூப் சுத்தம் பண்ற வேலையை காலையில ஒன்பது மணிக்கு வச்சிருந்தாங்க, கரெக்டா மீன் காயப் போடுற நேரம். நேரத்தை மாத்தினது முதல் வேலை. ஆனா அது சமாதானம்தான், தீர்வு இல்ல. அடுத்து சைக்ளோன் (புகையைச் சுழட்டி சாம்பலைப் பிரிக்கிற கூம்பு) அடியில இருக்கிற சாம்பல் வால்வைப் பாருங்க. அது உப்புல அரிச்சு ஓட்டையாகி அடியில இருந்து காத்து இழுத்தா, பிடிச்ச சாம்பலையே திரும்ப மேல அனுப்பும். அந்த வால்வு மாத்துறது பெரிய செலவே இல்ல. அதுக்கும் அடங்கலன்னா பேக் ஃபில்டர் (துணிப் பையில புகைய வடிகட்டுறது), அதுக்கு அளவெடுத்து டிசைன் பண்ற ஆள் வேணும், சிம்னியில முறையா டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட்டும் வேணும். ஈர விறகு எரிக்கிற வரைக்கும் பேக் ஃபில்டர் போடாதீங்க, ஒரு மழைக்காலத்துல துணி அடைச்சு பிசின் மாதிரி ஆயிரும்.

## அறிகுறி 4: பேப்பர் ஈரமா சுருளுது, "ஸ்டீம் பத்தல"

ஸ்டீம் பத்தலங்கறது பேப்பர் மில்லுல அதிகமா சொல்ற பொய். பிரஸ்ஸுல பிழியாத தண்ணிய டிரையர்ல ஆவியாக்கச் சொன்னா எந்த பாய்லரும் பத்தாதுதான்.

பிரஸ் தாண்டி வர்ற ஷீட்டுல ஒரு துண்டு கிழிச்சு, எடை போட்டு, காய வச்சு, திரும்ப எடை போடுங்க. 40 சதவீதம் காஞ்சிருந்தா ஒரு கிலோ நாருக்கு ஒண்ணரை கிலோ தண்ணி கூட வருது. 41 ஆக்கினா டிரையர் ஆவியாக்க வேண்டிய தண்ணியில 4 சதவீதம் குறையும். அந்த ஒரு சதவீதம் பிழிய எவ்வளவு ஆகும், ஃபெல்ட்டை (பிரஸ்ஸுல ஷீட்டைத் தாங்கிப் போற துணி) நல்லா கழுவணும், ஷவர் நாசில் அடைப்பு எடுக்கணும் (உப்புத் தண்ணியில அதுதான் முதல்ல அடைக்கும்), நிப் (ரெண்டு ரோலும் சேந்து அழுத்துற இடம்) லோடு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும், கடைசியாதான் புது ஃபெல்ட்.

ஒரு ஓரம் மட்டும் ஈரம்னா நிப், இல்லன்னா ரோல் தேய்மானம். அங்கங்க பட்டை பட்டையா ஈரம்னா ஃபெல்ட் அடைப்பு. ஒரு குறிப்பிட்ட சிலிண்டருக்கு அப்புறம் காயவே மாட்டேங்குதுன்னா அந்த சிலிண்டருக்குள்ள கண்டன்சேட் தேங்கி நிக்குது, அதை வெளிய எடுக்குற சைஃபன் குழாயைப் பாருங்க, இல்லன்னா ட்ராப்பைப் பாருங்க.

ட்ராப் செக் பண்ண டெம்பரேச்சர் கன் போதும், ஆனா பளபளன்னு இருக்கிற எஸ்எஸ் பைப்புல கன் பொய் சொல்லும், கருப்பு டேப் ஒட்டி அதுமேல அடிங்க. ட்ராப் ஆறிக்கிடந்தா அடைப்பு. பின்னாடி பைப்பும் முன்னாடி மாதிரியே கொதிச்சு, ஃபீட் டேங்க்ல இருந்து ஆவி பீச்சி அடிச்சா ட்ராப் திறந்தே நிக்குது.

ரோட்டரி ஜாயின்ட் கார்பன் ரிங் நீங்களே மாத்தலாம். சைஃபனுக்காக சிலிண்டரைத் திறக்கணும்னா மெஷின் ஃபிட்டரை கூப்பிடுங்க.

## அறிகுறி 5: ஈபி பில் எகிறுது

பில்லையே முதல்ல படிங்க, யூனிட் கூடியிருக்கா, இல்ல தண்டம் கூடியிருக்கா. ஹெச்டி (உயர் அழுத்த) கனெக்ஷன்ல பவர் ஃபேக்டர் (இழுக்குற கரண்ட்ல வேலைக்கு ஆகுற பங்கு) 0.90க்கு கீழ போனா தண்டம் விழும். நம்ம பக்கம் அதைத் தூக்கி நிறுத்துற கெபாசிட்டரோட டெர்மினல் பச்சைப் பூத்து செத்துப்போறது சகஜம். பேனலைத் திறக்கிறது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை, நீங்க வெளிய இருந்து மீட்டரைப் பாத்து எழுதி வைங்க போதும்.

தண்டம் இல்ல, பீக் அவர்ல ஓட்டுறதுன்னா பல்ப்பர் (வேஸ்ட் பேப்பரைக் கரைக்கிற மெஷின்) நேரத்தை மாத்துங்க. காலையிலயும் சாயங்காலமும் பீக்ல யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், கூழ் தொட்டி ரொம்பி இருந்தா அந்த நேரம் பல்ப்பர் ஓட வேண்டிய அவசியமே இல்ல.

யூனிட்தான் கூடியிருக்குன்னா: வால்வை பாதி மூடி ஓட்டுற பம்ப் இருக்கா? ஃபேன், பம்ப் வேகத்தை 20 சதவீதம் குறைச்சா கரண்ட் ஏறக்குறைய பாதியாகும், வேகத்தைக் குறைக்கிற டிரைவ் போட முதல் இடம் அதுதான். வாக்குவம் பம்புக்கு சீல் தண்ணி சூடா போகுதா? சூடா போனா வாக்குவம் குறையும், உடனே ரெண்டாவது பம்பைப் போடுவாங்க. கூலிங்கைச் சரி பண்ணிட்டு ரெண்டாவதை நிறுத்துங்க. ரிஃபைனர் தட்டு தேஞ்சிருந்தா ஆம்ப்ஸ் இழுக்கும், நார் வெட்டாது, தட்டு மாத்தியே ஆகணும்.

## அறிகுறி 6: அழுகின முட்டை நாத்தம்

கூழும் கழிவுத் தண்ணியும் காத்தில்லாம நிக்குது. நாலு நாள் மெஷின் நிறுத்தி கூழைத் தொட்டியிலயே விட்டீங்களா, ஏரேட்டர் (தண்ணிக்குள்ள காத்து குடுக்குறது) ஓடுதா, தொட்டி மூலையில சேறு கட்டியிருக்கா, இந்த வரிசையில பாருங்க. நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கூடவே நாத்தமே இல்லாத மீத்தேனும் போகுது, அது நூறு வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேத்தும். ஏரேட்டர் கரண்டை மிச்சம் பிடிக்கிறேன்னு நிறுத்துறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

தொட்டியில யாரும் இறங்கக் கூடாது. நாத்தம் திடீர்னு நின்னுபோச்சுன்னா வாயு போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, அளவு கூடினா மூக்கு செத்துரும். உள்ள ஒருத்தர் விழுந்தா தூக்கப் போனவரும் விழுவார். கேஸ் மீட்டர், ப்ளோயர், கயிறு, பயிற்சி உள்ள டீம் இல்லாம சேறு எடுக்க வேண்டாம், எவ்வளவு அவசரமானாலும்.

## அறிகுறி 7: பையர் கார்பன் கணக்கு கேக்குறார், நம்பர் தாறுமாறா வருது

ஒரு டன் பேப்பருக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு போகுதுன்னு பேப்பர் வாங்குறவர் கேக்குறார். இது புது வியாதி, இப்பதான் பரவுது.

நம்பர் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தா: விறகுதான எரிக்கிறோம்னு எல்லாத்தையும் கழிச்சுட்டீங்க. விறகுல இருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடைத் தனியா ஒரு வரியில காட்டணும், கரண்ட்டும் டீசலும் அப்படியே நிக்கும். கிரிட் கரண்ட் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ, டீசல் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ. ஒரு டன் பேப்பருக்கு 400 யூனிட்னா கரண்ட்லயே 280 கிலோ ஆச்சு.

நம்பர் மலை மாதிரி வந்தா: பெரிய மில் ஷீட்டைக் காப்பி அடிச்சிருக்கீங்க. காகிதபுரம் டிஎன்பிஎல் (தமிழ்நாடு நியூஸ்பிரின்ட் மில்) மாதிரி கரும்புச் சக்கையில இருந்து கூழ் எடுக்குற இடத்துல கூழ் காய்ச்சுற வேலை, அதுல வர்ற கருப்புத் திரவத்தை ரிக்கவரி பாய்லர்ல எரிச்சு ஸ்டீமும் கெமிக்கலும் திரும்ப எடுக்குற வேலை எல்லாம் இருக்கு. மதுரை அட்டைப்பெட்டிக் கழிவை வாங்கிக் கரைக்கிற நமக்கு அந்த வரி எதுவும் கிடையாது. 2012ல ஆரம்பிச்ச பேட் திட்டத்துல (பெரிய ஆலைங்க எரிசக்தியக் குறைக்க மத்திய அரசு வச்சது) பேப்பர் மில் உள்ள வர்றதுக்கே வருஷத்துக்கு 30,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி செலவு இருக்கணும்னு வச்சிருந்தாங்க, நாம அந்தப் பக்கமே இல்ல.

மாசத்துக்கு மாசம் குதிச்சா: ஜெனரேட்டர் லாக்கைப் பாருங்க. லிட்டருக்கு மூணரை யூனிட் வந்தா ஏறக்குறைய கிரிட் மாதிரிதான், பாதி லோடுல உறுமிக்கிட்டு ரெண்டரை யூனிட் குடுத்தா ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவைத் தாண்டிரும். அதுவும் சரின்னா விறகு எடைச்சீட்டு, ஈரம் எழுதாம எடை மட்டும் எழுதியிருப்பாங்க.

பையர் சரிபாத்த ரிப்போர்ட் வேணும்னா பிஇஇ (மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு) சான்று உள்ள எனர்ஜி ஆடிட்டரை கூப்பிடுங்க. அவர் வர்றதுக்கு முன்னாடியே ஒரு வருஷ எடைச்சீட்டு, ஈபி பில், டீசல் பில், உற்பத்தி ரிஜிஸ்டர் நாலையும் மாசவாரியா அடுக்கி வைங்க, இல்லன்னா முதல் நாள் ஃபீஸ் அவர் உங்க பீரோவைக் குடையுறதுலயே போயிரும்.